பேச்சியம்மாளின் எண்

நறுமுகையின் கழுத்துக் கட்டியை முதன்முதலில் தொட்டுப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இடது பக்கம், தாடைக்குச் சற்றுக் கீழே, கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று. அதை ஒட்டி மிளகளவில் இன்னும் இரண்டு. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அழுத்தினால் வலிக்கவில்லை என்றாள்.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஆறு வாரமா இருக்கு சார். ஹாஸ்டல்ல தலை பின்னும்போது கையில தட்டுப்பட்டுச்சு."

அவள் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு. சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் அவள் அம்மா சண்முகவடிவு, எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பல்லுல இருந்து வந்திருக்கும்னு பல் டாக்டர்ட்ட காட்டினோம் டாக்டர். பல்லு நல்லாத்தான் இருக்குன்னுட்டார். பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டா. கொஞ்சங்கூட கரையல." குரலைத் தாழ்த்தினார். "அதுவா இருக்குமோ?"

அவர் பெயரைச் சொல்லாமல் விட்ட நோயை நானும் சொல்லவில்லை.

"கழுத்துல கட்டி வர்றதுக்கு நூறு காரணம் உண்டு டீச்சர். தொண்டைப்புண்ணு, சொத்தைப்பல்லு, தலையில ஒரு சின்ன சிரங்கு, எதுனாலயும் வரலாம். தைராய்டுன்னா நடுவுல இருக்கும், முழுங்கும்போது ஏறி இறங்கும். இது அது இல்ல. நீங்க பயப்படுறதும் அந்த நூறுல ஒண்ணுதான். ஆனா ஊகிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். ஊசியில ஒரு சொட்டு எடுத்தா அரை மணி நேரத்துல வேர்காட்டி சொல்லிரும்."

வேர்காட்டி எங்கள் ஊருக்கு வந்து எட்டு வருஷமாகிறது. மிக்ஸி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அது இரண்டு தாள் தரும். முதல் தாள், நோய் என்ன என்பது. தொற்றுநோயாக இருந்தால் மட்டும் இரண்டாவது தாள், அது யாரிடமிருந்து வந்தது என்பது.

"யார்ட்ட இருந்து வந்துச்சுன்னு ஒரு மெஷினுக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்னும் புரியத்தான் மாட்டேங்குது" என்றார் சண்முகவடிவு. பயத்தில் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க நினைத்தார் போலிருந்தது.

நறுமுகைதான் விளக்கினாள். "பரீட்சையில பாத்து எழுதுறதை நீங்க கண்டுபிடிப்பீங்கல்லாம்மா, அதே மாதிரிதான். ஒரு ஆள்ட்ட இருந்து இன்னொரு ஆளுக்குப் போகும்போது கிருமியில ஒண்ணு ரெண்டு எழுத்து தப்பாப் பதிவாகும். அந்தத் தப்பு அடுத்த ஆளுக்கும் போகும். தப்பை வெச்சு யார் யாரைப் பாத்து எழுதுனாங்கன்னு வரிசையாப் பிடிச்சிரலாம். ஏற்கெனவே டெஸ்ட் பண்ணின எல்லாரோட கிருமியும் அதுல பதிவாகி இருக்கும்."

"நல்லாச் சொல்லித் தர்றாளே" என்றேன். அவள் சிரித்தாள். "நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் சார்."

உண்மைதான். அந்த வருஷம் ஜனவரி முதல் ஏப்ரல் கடைசி வரை, நுழைவுத்தேர்வுக்காக, தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவளுக்கு நான் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். இதே அறையில், இதே மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு. காசு வாங்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கட்டியில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். அரை மணி நேரம் கழித்து முதல் தாள் வந்தது. கழுத்து நிணநீர்க் கணுக்களில் காசநோய்.

"டி.பி.யா!" என்று சண்முகவடிவு நாற்காலியில் நிமிர்ந்தார். அடுத்த நொடி அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. புற்றுநோய் இல்லை. ஆறு மாதம் மாத்திரை, கட்டி கரைந்துவிடும், நோய் கழுத்தில்தான், நெஞ்சில் இல்லை என்பதால் அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்போது பெட்டி இரண்டாவது தாளை வெளியே தள்ளியது.

மூலம்: பேச்சியம்மாள், வயது 51, துப்புரவுப் பணியாளர், நாயகம் கிளினிக்.

நாயகம் கிளினிக் என்பது என் கிளினிக். ஆவுடைநாயகம் என்பது என் பெயர். அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டிய பெயரும் அதுதான்.

*

பாடம் தொடங்கியதற்கு முந்தைய டிசம்பரிலிருந்தே எனக்கு இருமல். அலர்ஜி என்று மற்றவர்களிடம் சொன்னேன், நாலு மாதம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆறு கிலோ இறங்கியபோது சர்க்கரையைக் குறைத்ததால் என்றேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் சளியை நானே வேர்காட்டிக்குள் வைத்தேன்.

பெட்டி நோயாளியின் சுகாதார எண்ணைக் கேட்கும். எண் கொடுக்காமல் அது திறக்காது.

என் எண்ணைக் கொடுக்க என்னால் முடியவில்லை. நோய் யாரிடமிருந்து வந்தது என்று வெளியிடும் பட்டியலில் ஏறியவர்களை நான் பார்த்திருந்தேன். அதற்கான சட்டம் வந்தபோது நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. யாரிடமிருந்து பரவியது என்று தெரிந்தால் அவருக்கும் வைத்தியம் பார்க்கலாம், அவர் பக்கத்தில் இருந்தவர்களும் வந்து சோதித்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் மூலமாக இருந்தவரின் பெயரை ஊர்க்காரர்கள் எல்லாருடைய கைபேசிக்கும் அனுப்பினார்கள். ஆனால் ஊர் அதைக் குற்றவாளிப் பட்டியலாகத்தான் படித்தது. கடைத்தெருவில் பேக்கரி வைத்திருந்த ஒரு மனிதர் பட்டியலில் ஏறி இரண்டே மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போனார். அவருடைய தாளில் கையெழுத்துப் போட்டது நான். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

எனவே கிளினிக் ஊழியர்கள் பட்டியலைத் திறந்து பேச்சியம்மாளின் எண்ணைப் போட்டேன். டெக்னீஷியன் ஃபாத்திமாவின் எண் அதற்கு மேலேதான் இருந்தது. ஏன் அதைப் போடவில்லை என்று என்னை நானே ரொம்ப நாள் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தெரிந்த கேள்வி அது. பேச்சியம்மாள் பெயரில் எது வந்தாலும் யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை.

நோய் என்று வந்தது. இரண்டாவது தாளில் 'மூலம் பதிவில் இல்லை' என்றிருந்தது. அவள் பெயரில் வந்த மாத்திரைகளை ஆறு மாதம் நான் தின்றேன். மேற்பார்வை மருத்துவர் என்ற இடத்தில் நானே கையெழுத்திட்டு, அக்டோபரில் 'சிகிச்சை முடிந்தது, குணம்' என்று எழுதிக் கோப்பை மூடினேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்தேன். என்னிடமிருந்து யாருக்காவது போயிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். போயிருக்காது என்று முடிவு செய்துகொண்டேன்.

*

தாள் வந்த அதே நொடியில் தகவல் சுகாதார அலுவலகத்துக்கும் போய்விடும். சண்முகவடிவின் கைபேசி என் எதிரிலேயே ஒலித்தது. படித்தார்.

"பேச்சியம்மாளா? இங்க கூட்டுற பேச்சியம்மாளா?" முகம் சிவந்துவிட்டது. "அவ காலையில எங்க பள்ளிக்கூடத்துல சமையலுக்கு நிக்கிறா டாக்டர். நூத்து நாப்பது பிள்ளைக சாப்பிடுது!"

"அவங்களுக்குக் குணமாயிருச்சு டீச்சர். இப்போ யாருக்கும் தொத்தாது."

"சீக்கு இருக்குன்னு தெரிஞ்சே வந்து நின்னிருக்காளே."

நறுமுகை மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவங்க கூட உட்காந்ததே இல்லையே சார்" என்றாள் மெதுவாக. "வாசல்ல பாத்தா சிரிப்பாங்க. அவ்வளவுதான்."

"அவங்க கூட்டுற ரூம்லதானே நாம உட்காந்திருந்தோம். பூட்டின அறைக் காத்துல கிருமி மணிக்கணக்குல நிக்கும்மா." என் வாய் அதை ஒரு பாடம் போலச் சொல்லி முடித்தது.

மூன்றாம் நாள் சுகாதார அலுவலர் அருள்செல்வி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அலட்டிக்கொள்ளாதவர். என் அறையில் வைத்துத்தான் விசாரணை. பேச்சியம்மாள் கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும்மா" என்றுவிட்டாள்.

"ஏப்ரல்ல உங்களுக்கு டி.பி.ன்னு வந்திருக்கு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டதாப் பதிவு இருக்கு. சாப்பிட்டீங்களா?"

பேச்சியம்மாள் முழித்தாள். "எனக்கா? எனக்குச் சளி கூடப் பிடிச்சதில்லையேம்மா."

"இந்த மாத்திரை போட்டா மூத்திரம் செக்கச் செவேல்னு போகும். அதுகூட ஞாபகம் இல்லையா?"

பேச்சியம்மாள் அலுவலரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஐந்தாறு நொடி இருக்கும். அந்த நொடிகளில் ஒன்றை எடுத்து நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"அவங்களுக்குத் தெரியாது மேடம்" என்றேன். "பயந்துடக் கூடாதேன்னு சத்து மாத்திரைன்னு சொல்லிக் கொடுத்தேன்."

நான் அவளுக்கு வருஷக்கணக்காகச் சத்து மாத்திரை கொடுத்து வந்ததும் உண்மைதான். அதனால் பொய் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அய்யா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

பள்ளிக்கூடத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். நூற்று நாற்பது பிள்ளைகளையும் சோதித்தார்கள். ஒருவருக்கும் இல்லை. அப்படியும் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் அடுத்த குடம் தள்ளி நின்றது. அவள் மகள் முத்துச்செல்வி அம்பாசமுத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டியவள். சம்பந்தி வீட்டார் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வளைகாப்புக்கும் இவளை வர வேண்டாம் என்றார்கள்.

கிளினிக்கில் மட்டும் அவளுக்கு வேலை இருந்தது. நான் நிறுத்தவில்லை. அதற்காக ஊர் என்னைப் பாராட்டியது. "உங்களுக்குப் பெரிய மனசு டாக்டர்" என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து நறுமுகை கட்டியைக் காட்ட வந்தாள். பாதியாகக் கரைந்திருந்தது. வெளியே போகும்போது, கூட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் காலில் விழுந்தாள். காத்திருந்த பத்துப் பதினைந்து பேரும் பார்த்தார்கள்.

"என்னை மன்னிச்சிரு தாயி. உனக்கு நான் பண்ணினது பாவம். மன்னிச்சிரு."

நறுமுகை பதறித் தூக்கினாள். "ஐயோ, எழுந்திருங்கக்கா. நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

நான் என் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அடித்தேன்.

*

தாள் வந்த நாற்பத்தோராவது நாள் காலையில் முத்துச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேச்சியம்மாளுக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. போய்ப் பார்க்க விடவில்லை. ஆனாலும் வேலைக்கு வரும்போது மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். வரவேற்பு மேஜையில், மருந்து கொடுக்கும் இடத்தில், ஆய்வகத்தில் என்று ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். எல்லாரும் சிரித்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று மேஜையில் வைத்தாள். "பொம்பளப் பிள்ளைய்யா. மூணு கிலோவாம்."

பதினோரு மணிக்கு ஆய்வகத்துக்குப் போனேன். அங்கிருந்த குப்பைக் கூடையில் ஐந்து மைசூர்பாகுத் துண்டுகள் கிடந்தன, கடிபடாமல். அந்தக் கூடையைச் சாயங்காலம் எடுத்துக் கொட்டப் போகிறவள் பேச்சியம்மாள்.

அவளை அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நானும் எழுந்து நின்றுகொண்டேன்.

"பேச்சியம்மா, உங்களுக்கு டி.பி. வரவே இல்ல. வந்தது எனக்கு. உங்க நம்பரைப் போட்டது நான். மாத்திரை சாப்பிட்டதும் நான்தான்."

எத்தனை நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். சொல்லி முடித்துவிட்டு அவள் கத்துவாள், அழுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று காத்திருந்தேன்.

"தெரியும்யா" என்றாள்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை.

"அந்த ஆபீசரம்மா, மூத்திரம் செவப்பாப் போச்சான்னு கேட்டாங்கள்லா. அப்பவே தெரிஞ்சு போச்சு. உங்க பாத்ரூமைக் கழுவுறவ நான்தானேய்யா. ஆறு மாசமா அந்தக் கறையைத் தேய்ச்சிருக்கேன். ஏதோ சூட்டுக் கோளாறுன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? ஏன் அந்தப் பிள்ளை கால்ல விழுந்தீங்க?"

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

"நான் கால்ல விழுந்தது அதுக்கில்லய்யா. மாசி மாசம் ஒரு நா உங்க கை கழுவுற தொட்டியில ரத்தம் கெடந்துச்சு. நீங்க தண்ணி விட்டுட்டுத்தான் போயிருந்தீங்க. ஆனா ஓரத்துல ஒட்டி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு ரத்தங்கக்கித்தான் செத்தாரு. பாத்ததும் எனக்கு என்னன்னு தெரிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலமும் அந்தப் பிள்ளை புஸ்தகத்தைத் தூக்கிட்டு இந்த ரூமுக்குள்ள வருது. மறுநாளும் வருது. நான் வாசல்ல நின்னு பாக்கேன். 'உள்ள போகாத தாயி'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு. சொல்லல. டாக்டரைப் பத்தி நான் எப்படிச் சொல்ல? சொன்னா வேலை போயிரும்லா. பட்டியல்ல என் பேரு வந்தப்ப, சரி, வாயை மூடிட்டு இருந்ததுக்குத் தண்டனைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளுக்குச் செய்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது என் பெயருக்காகப் பட்ட பயம். உண்மையில் வெட்கப்பட்டவள் அவள் ஒருத்திதான். அவளிடம் இருந்த அளவுகூட என்னிடம் இல்லை.

"வாங்க, ஆபீசுக்குப் போவோம்" என்றேன்.

*

அருள்செல்வி எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடிந்ததும், "அன்னைக்கு எடுத்த சளி சாம்பிள் இன்னும் இருக்கா?" என்றார்.

"இல்லை. ஆறு மாசம் ஆனா அழிச்சிடணும். அழிச்சாச்சு."

"மெஷின் கிருமியைத்தான் படிக்கும் டாக்டர், ஆளைப் படிக்காது. ஆள் யாருன்னு அதுக்கு நாம சொல்றதுதான். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் பட்டியல் போட்டிருக்கோம்." அவர் முகம் வெளுத்திருந்தது. "இன்னும் எத்தனை நம்பர் இப்படி இருக்கோ."

எங்கள் இருவரையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். என் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஆறிய தழும்பு தெளிவாக இருந்தது. பேச்சியம்மாளின் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்தது. அது போதும் என்று எடுத்துக்கொண்டார். மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுவேன் என்றார், விசாரணை முடியும்வரை நோயாளிகளைப் பார்க்கக் கூடாது என்றார். சரி என்றேன். மாலை நாலு மணிக்குத் திருத்தம் ஊர் முழுக்கப் போனது. பேச்சியம்மாள் பெயர் நீக்கப்பட்டது. மூலம்: மருத்துவர் ஆவுடைநாயகம்.

பேக்கரிக்காரர் கதவைப் பூட்டியது போல நானும் பூட்டிக்கொண்டு, கல் வந்து விழும் என்று காத்திருந்தேன்.

கல் விழவில்லை. மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரர் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு செய்வா டாக்டர் இதை? ஒரு வேலைக்காரிக்காகப் பழியைத் தன் தலையில தூக்கி வெச்சுக்கிட்டீங்களே."

"இல்ல. உண்மையிலேயே எனக்குத்தான்…"

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. மெஷின் பொய் சொல்லுமா? எங்களுக்குத் தெரியாதா?"

அன்றைக்கு மட்டும் பதினேழு பேர் வந்தார்கள். எல்லாரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் மறுக்க மறுக்க என் பெருந்தன்மைதான் கூடிக்கொண்டே போனது. அலுவலகத்தில் பேச்சியம்மாளின் பெயர் சுத்தமாகிவிட்டது. ஊரில் ஆகவில்லை. பள்ளிக்கூடம் அவளை எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டில், "டாக்டரு இரக்கப்பட்டுக் காப்பாத்தப் பாக்காரு, அதுக்காகப் பச்சப்பிள்ளையை நாங்க கையில குடுக்க முடியுமா" என்று கேட்டார்களாம். பேச்சியம்மாள் இதை என்னிடம் சொன்னபோது கோபப்படவில்லை. "நீங்க சொல்லிட்டீங்கய்யா. அவுக கேக்கலன்னா நீங்க என்ன செய்வீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகவடிவும் நறுமுகையும் வந்தார்கள். சண்முகவடிவு வாசற்படியிலேயே கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"என் பிள்ளைக்கு ஓசியில பாடம் சொல்லிக் குடுத்தீங்க. நோயைக் கண்டுபிடிச்சு மருந்து குடுத்தீங்க. இப்போ அந்தப் பொம்பளைக்காக உங்க தொழிலையே விட்டிருக்கீங்க. உங்க மனசு யாருக்கு வரும் டாக்டர்."

பேச்சியம்மாள் உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளியில் துணி பிழியும் சத்தம் நின்றது.

நறுமுகை கைகூப்பவில்லை. உட்காரவும் இல்லை. பாடம் நடக்கும்போது அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நாலு மாசம் நீங்க இருமினீங்க. நான் எதிர்ல இருந்தேன். மெஷின்ல அவங்க பேரு வந்தப்பவே எனக்குச் சந்தேகம். நீங்க காத்துன்னு சொன்னீங்க, நான் நம்பணும்னு நெனச்சு நம்பினேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். டெஸ்ட் பண்ணினது ஏப்ரல் ஒன்பதுன்னு பதிவுல இருக்கு. என் பரீட்சை மே மூணாம் தேதி. கடைசி வகுப்பு ஏப்ரல் முப்பது." நிறுத்தினாள். "அந்த மூணு வாரமும் உங்களுக்குத் தெரியுமா?"

அருள்செல்வி கேட்காமல் விட்ட கேள்வி. பேச்சியம்மாளிடமும் நான் சொல்லாமல் தவிர்த்தது.

"தெரியும்" என்றேன். "பாடத்தை நிறுத்தினா நீ ஏன்னு கேப்பே. மாஸ்க் போட்டாலும் கேப்பே. அதனால நாற்காலியை மட்டும் ஒரு முழம் பின்னால தள்ளிப் போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன்."

சண்முகவடிவின் கூப்பிய கைகள் நெஞ்சிலிருந்து மெல்ல இறங்கின. அவர் மகளின் கழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஊரில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். நம்பியதும் அவர் முகம் எப்படி ஆனது என்பதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள் நறுமுகை. குரலில் கோபம்கூட இல்லை. ஏதோ ஒரு மருந்தின் அளவைக் கேட்பது போலக் கேட்டாள். "உங்க கையால. யாருக்கு வந்துச்சு, யார் நம்பரைப் போட்டீங்க, எந்தத் தேதியில உங்களுக்குத் தெரியும், அதுக்கப்புறம் எத்தனை நாள் எனக்குப் பாடம் நடத்தினீங்க. எல்லாம். நானும் அம்மாவும் பேச்சியம்மாக்காவைக் கூட்டிட்டு அம்பாசமுத்திரத்துக்குப் போறோம். நோய் வந்த நானே வந்து சொன்னா அவங்க நம்பித்தான் ஆகணும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு. அது அம்மா பொறுப்பு."

சண்முகவடிவு ஆமாம் என்று தலையை அசைத்தார்.

மருந்துச் சீட்டில் எழுதப் போனேன். "வெள்ளைத்தாள்ல எழுதுங்க" என்றாள். எழுதினேன். பத்து வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பேச்சியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

நறுமுகை தாளை மேஜையில் வைத்து, ஆறாவது வரியில் விரலை வைத்தாள்.

"'ஏப்ரல் ஒன்பதுக்குப் பிறகும் பாடம் நடத்தினேன்'னு எழுதியிருக்கீங்க. 'தெரிந்தே'ங்கிற வார்த்தை விட்டுப் போயிருக்கு சார்."

பேனாவைத் திறந்தேன். வரிக்கு மேலே சின்னதாக ஒரு குறி போட்டு, அந்த வார்த்தையை எழுதினேன்.